இங்ரிட் படகும் அண்ணையின் புத்தக மேசையும்

டென்மார்க்கில், யூலண்டின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சின்ன மீன்பிடி ஊருக்கு, கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். பியர் விழாவில் புத்தகம் விற்பதற்காக. நான் பியர் குடிப்பதில்லை. புத்தகமும் நான் எழுதியதில்லை. எழுதியவர் என் அண்ணை யோகன். முப்பது வருடம் அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரின் பழைய படகுகளைப் பற்றி டேனிஷில் இரண்டு சின்னப் புத்தகங்கள் எழுதினார். மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

விழாவில் அவர் பெயரில் மேசை ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், தொலைபேசியில் கேட்டா: "என்னால அந்த மேசையில இருக்கேலாது. நீ போவியோ?"

"ஓம், போறன்" என்றேன். ஆறு வருடமாக அண்ணை கூப்பிட்டும் ஒருமுறைகூடப் போகாதவள் நான். "பியர் குடிக்க வாறவை புத்தகம் வாங்குவினமோ?" என்று அவரிடமே சிரித்திருக்கிறேன்.

நான் இருக்கும் இஷொயில் காலை ஆறு மணிக்குப் பிறகு எஸ்-ரயில் என்ற நகர ரயிலை எடுத்து, கோப்பன்ஹேகன் மத்திய நிலையத்தில் மாறினால் எஸ்பியர் நகரம் வரை மூன்று மணி நேரம் சொச்சம். முன்கூட்டியே வாங்கியதால் ஒருவழிக்கு 199 குரோனர். பிறகு நாற்பது நிமிடம் பேருந்து. புத்தகப் பெட்டியைப் பார்த்த சாரதி, "யோகனின்ரை புத்தகமோ? ஆள் எப்பிடி?" என்று டேனிஷில் கேட்டார். சொன்னேன். என் நிறுத்தத்தில் இறங்கி வந்து பெட்டியைத் தானே தூக்கி வைத்தார்.

விழா நடந்தது விளையாட்டு மண்டபத்தில். நுழைவு 80 குரோனர், கண்ணாடிக் குவளையும் தருவார்கள். அங்குள்ள பியர்களுக்குப் பழைய படகுகளின் பெயர்தான் வைக்கிறார்கள். குடிப்பவர்கள் அது என்ன படகு என்று கேட்டுக்கொண்டு புத்தக மேசைக்கு வருவார்கள். அண்ணையின் கணக்கு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் அவரை விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல என் டேனிஷ் திருத்தமாகிக்கொண்டே போனது.

இரண்டு மணியளவில் எழுபது வயது தாண்டிய டேனிஷ்காரர் ஒருவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார். பெயர் பவுல்.

"யோகன் எங்கை?"

சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இங்ரிட் எண்டு என்ரை தம்பியின்ரை படகு. அவனோட மூண்டு பேர் அதில போய்க் கடலில தாண்டு செத்தவை. யோகன் ஆறு வருசமாக் கேட்டவர், நான் கதைக்கேல்லை. இண்டைக்கு அங்கை இங்ரிட் எண்டு ஒரு பியர் வைச்சிருக்கினம். குடிச்சுக் குடிச்சுச் சிரிக்கினம். இதை அவர் எழுதவேணும் எண்டுதான் வந்தனான்."

விலைப்பட்டியல் தாளைத் திருப்பி, "பேர்களைச் சொல்லுங்கோ" என்றேன். தம்பியின் பெயரைக் கடைசியாகத்தான் சொன்னார். பெயர்களுக்கு மேலே 'இங்ரிட் படகோடு கடலில் மூழ்கியவர்கள்' என்று எழுதினேன். தாளை எடுத்துக்கொண்டு இருவரும் இங்ரிட் பியர் விற்ற கடைக்குப் போனோம். பியர் தயாரித்த பெண் அதை இரண்டு முறை வாசித்தாள். பழைய படகுப் பட்டியலில் அழகான பெயரென்று எடுத்தாளாம், அது மூழ்கிய கதை தெரியாதாம். உடனே குழாயை மூடப்போனாள்.

"வேண்டாம்," என்றார் பவுல். "குடிக்கட்டும். ஆர் அதில போனவை எண்டு தெரிஞ்சு குடிக்கட்டும்."

அவள் அந்தத் தாளைக் குழாய்க்கு மேலே ஒட்டினாள். வாசித்தவர்களில் சிலர் குவளையை வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பவுலும் ஒரு குவளை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். பாதிதான் குடித்தார். மீதி நேரம் முழுக்கத் தம்பியைப் பற்றிக் கதைத்தார், நான் எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை கடைசிப் பேருந்து 17.20க்கு, அதை விட்டால் வாடகைக் கார்தான். மே மாதமென்றாலும் கடற்காற்று எலும்பில் ஏறும், தடித்த உடுப்பு கொண்டுபோங்கள். உங்களுடைய ஆள் ஒருவர் இப்படியொரு மேசைக்குக் கூப்பிட்டால், விற்குமா என்று கேட்காமல் போய் ஒருநாள் பக்கத்தில் இருங்கள்.

பவுல் சொன்னதை வீட்டில் நான்கு பக்கமாக டேனிஷில் எழுதி முடித்தேன். பிழை திருத்தித் தரச்சொல்லி அண்ணைக்கு அனுப்பலாமென்று தொலைபேசியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.