சோத்துக்கைப் பக்கம்

என் மகனைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்க நான் சம்மதித்ததற்கு ஒரே காரணம், அங்கே பிள்ளைகள் உட்கார்ந்தே இருப்பார்கள் என்று நினைத்ததுதான். அறிவு வளரும், நாளைக்கு உதவும் என்றெல்லாம் பேசியது என் வீட்டுக்காரர். அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்தவருக்கு அந்தப் பெட்டிமேல் என்னவோ ஒரு மோகம். எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. பையன் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வியர்த்து நெஞ்சில் சளி கட்டக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவனுக்கு இளைப்பு. காரியாபட்டியைத் தாண்டி மதுரைக்குப் போகிற பஸ்ஸில், என் மடியிலேயே ஒருதரம் உதடு நீலம் பாரித்துப் போனான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினார். அன்றைக்குப் பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்குள் புகுந்த பயம், பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவன் தெருவில் நாலடி வேகமாக நடந்தாலும் நான் வாசலில் நின்று கத்துவேன். டாக்டரோ, "காத்தாட விளையாட விடுங்கம்மா, நெஞ்சு பலப்படும்" என்றார். நல்லாத்தான் சொல்வார், அவர் பிள்ளையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

வகுப்பு, பந்தல்குடி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊரில் அது ஒரு அதிசயம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு வெல்வெட் துணியில் உறை தைத்துப் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தது மதுரையில் படித்துவிட்டு வந்த ஒரு பெண். சிரித்த முகம், சின்ன வயசு. எட்டு வயது மகனையும் பதினோரு வயது மகளையும் சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்விட்டு, நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். கையில் வெந்நீர் பிளாஸ்க், மாத்திரை, துண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவது வாரமே கரண்ட் போனது. பிள்ளைகள் தடதடவென்று மொட்டைமாடிக்கு ஏறினார்கள். என் மகனும் ஏறினான். எனக்கு உயிரே இல்லை. பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சர், இவனுக்கு ஓடுனா இளைக்கும். உக்காந்து படிக்கத்தான் அனுப்புறேன். இங்க வெயில்ல கூத்தடிக்கவா அனுப்புறேன்?"

"ஓட விடலக்கா, நடக்கத்தான் விடுறேன். கம்ப்யூட்டர் இருக்கறது ஒண்ணு. கரண்டும் இல்ல. அதுக்காகப் பாடத்த நிறுத்த முடியுமா? உக்காந்து பாருங்க, பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போங்க."

உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆமை உண்டாம். திரையில் சின்ன முக்கோணமாக இருக்கும். 'ஃபார்வர்ட்' என்று எண்ணோடு தட்டினால் அத்தனை அடி முன்னால் போகும். 'ரைட் தொண்ணூறு' என்றால் அதன் வலது பக்கம் நேராகத் திரும்பும், 'லெஃப்ட்' என்றால் இடது பக்கம். போகிற வழியெல்லாம் கோடு விழும். கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை ஆமை. கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார்கள். இன்னொரு பிள்ளை தள்ளி நின்று கட்டளை சொல்ல வேண்டும். ஆமை அடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடக்கும். அதற்குத் தெரியாத சொல்லைச் சொன்னால், கம்ப்யூட்டர் மாதிரியே "எனக்குத் தெரியாது" என்று பதில் சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்கு நடக்கும். சரியான சொல் என்றால் யார் சொன்னாலும் கேட்கும். யார் தட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் பார்க்குமா என்ன? நடுவில் மற்ற பிள்ளைகள் நில்லு, உக்காரு, பாம்பு என்றெல்லாம் கத்திக் குழப்புவார்கள். ஆமை "பாம்புன்னா எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடக்கும். ஒரே சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள் டீச்சர் என்னையும் இழுத்துவிட்டார். என் மகன்தான் ஆமை. நான் கட்டளை சொல்ல வேண்டும்.

"ஏலே, கொஞ்சம் மேக்க தள்ளிப் போ. அப்பறம் வடக்க திரும்பு" என்றேன்.

"மேக்கன்னா எனக்குத் தெரியாது!" என்றான் துண்டுக்குள்ளிருந்து. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யார் இடது வலது பார்த்துப் பேசுகிறார்கள்? இலையில் குழம்பு ஓடினால்கூட 'தெக்க அணை கட்டு' என்போம். படுக்கையில் 'கிழக்க தள்ளிப் படு' என்போம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் திசையைத்தான் தேடுவோம். கண்ணைக் கட்டின பிள்ளைக்குத் திசை தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"அக்கா, ஆமைக்கு அதோட கை மட்டுந்தான் தெரியும்" என்றார் டீச்சர். "நீங்க நிக்கற இடத்துல இருந்து பாக்காதீங்க. மனசால அது முதுகுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. அப்பத்தான் அதோட வலது எதுன்னு தெரியும்."

"எனக்கு ரைட்டு லெஃப்டே நிக்க மாட்டேங்குது டீச்சர்."

"சோறு திங்கற கை ரைட்டுக்கா. அம்புட்டுத்தான்."

அது மட்டும் நின்றது. எதிரே நிற்கிறவனின் சோத்துக்கை என் பீச்சாங்கைப் பக்கம் வரும் என்பதுதான் ரொம்ப நாள் குழப்பியது. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே யோசித்துப் பார்ப்பேன். என்ன இழவு படிப்போ என்று எரிச்சல் வரும். ஆனாலும் யோசிப்பேன்.

மாதம் போகப் போக வீட்டில் ஒன்று மாறியது. அவன் இன்னொரு தோசை கேட்டான். மாடியில் நடந்து நடந்து, அப்புறம் பிள்ளைகளோடு கொஞ்சம் ஓடவும் ஆரம்பித்திருந்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ராத்திரி நெஞ்சு விசிலடிப்பது குறைந்தது. முன்னெல்லாம் ஒரு கணக்குத் தப்பினால் சிலேட்டைத் தூக்கி எறிகிறவன், இப்போது "எங்க தப்புச்சுன்னு பாப்போம்" என்று முதலிலிருந்து வந்தான். என் வீட்டுக்காரர், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மீசையைத் தடவினார். எனக்கு அதற்கும் பயம்தான். நன்றாக இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கே இளைப்பு வந்துவிடும் என்று ஒரு பயம். யாராவது அவன் தேறிவிட்டான் என்றால், "எங்க தேறுனான், அப்படியேதான் இருக்கான்" என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஆடியில் எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்குப் போனோம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், நான் பிறந்த வீடு. இப்போது என் அண்ணன் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் புஞ்சை, அதற்கப்பால் பொட்டல். ஆடிக் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வீசும். பேசுகிற பேச்சைக்கூடக் கொண்டுபோய்விடும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடினேன். "பின்னாடி புஞ்சைப் பக்கம் வெளையாடுதுக" என்றார் அண்ணன். அண்ணனுக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சுரீரென்றது. அங்கே ஒரு பழைய கிணறு உண்டு. அண்ணன் போர் போட்ட பிறகு அதைக் கைவிட்டுவிட்டார். சுற்றுச் சுவர்க் கல்லைப் பெயர்த்து மாட்டுக்கொட்டகை கட்டினதும் அவர்தான். இப்போது அது தரையோடு தரையாகத் திறந்து கிடந்தது. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் டவுனில் வளர்ந்த என் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தெற்குப் பக்கத்து வரப்பில் ஏறிப் பார்த்தேன். கிணறு எனக்கு நேர் முன்னால் வாயைத் திறந்து கிடந்தது. அதற்கு வடக்கே, என் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, என் மகன் என்னைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளி ஆவாரஞ்செடிப் புதருக்கு அந்தப் பக்கம் என் மகள். அவள் நின்ற இடத்திலிருந்து செடிதான் தெரியும், கிணறு தெரியாது. பெரிய எண்ணாகச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருந்தாள்.

"ஏட்டி, நிப்பாட்டச் சொல்லுடி!" என்று அலறினேன். காற்று என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அவனுக்கு மட்டும் கேட்டது. முகம் மலர்ந்தது. அம்மா ஆட்டத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறான்.

"நில்லுடா! ஏலே, நில்லு!"

"நில்லுன்னா எனக்குத் தெரியாது!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த அடி வைத்தான்.

"கெணறுடா! கெணறு!"

"கெணறுன்னா எனக்குத் தெரியாது!"

பாவி மனசு, அப்போதும் பழைய பாஷைதான் வந்தது. "மேக்க போ சாமி, மேக்க போ!" என்று கதறினேன். அவன் அதற்கும் தெரியாது என்றான். ஓடினால் கிணற்றைச் சுற்றித்தான் ஓட வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். இத்தனை வருஷமும் அவன் மூச்சைத்தான் காவல் காத்தேன். மூச்சு நன்றாக இருக்கும்போதே போகப் போகிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைக்க முடிவதில்லை.

அவனுக்குக் கிழக்கே கிணற்றின் விளிம்பு இடிந்து சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பினால் மண்ணோடு மண்ணாக உள்ளே போவான். மேற்கேதான் கெட்டித் தரை. மேற்கு எனக்குப் பீச்சாங்கைப் பக்கம். லெஃப்ட் என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். கிணற்றைத் தாண்டிப் போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவனை மடியில் வைத்து ஊட்டுகிறபோது எந்தக் கையை நீட்டிச் சோற்றைப் பிடுங்குவான்? அந்தக் கை எந்தப் பக்கம்?

"ரைட் தொண்ணூறு!"

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன். என் மகன் விளிம்புக்கு ஒரு முழம் அந்தப்பக்கம், ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். மொட்டைமாடியில் பழகின மாதிரியே, ஆடாமல், தூக்கின காலைத் திருப்பி ஊன்றி, மேற்கே பார்த்து நின்றான். அவன் குதிகாலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் உதிர்ந்து கிணற்றுக்குள் போனது.

"ம்... சொல்லும்மா. அடுத்தது என்ன?"

திருப்பாமலே பின்னால் போகச் சொல்லியிருக்கலாம், அதற்கு 'பேக்' என்று ஒரு சொல் இருந்தது என்பது மறுநாள் பஸ்ஸில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது ஒரு சொல்தான் இருந்தது. எத்தனை என்று சொல்வது? எவ்வளவு தூரம் போனாலும் எனக்குப் போதாது.

"ஃபார்வர்ட் நூறு" என்றேன்.

அவன் எண்ணிக்கொண்டே மேற்கே நடந்தான். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். காற்றுக்கு எதிரே நடக்கிறான். அவன் எண்ணுவது காற்றோடு என்னிடம் வந்துகொண்டிருந்தது. இருபதுக்கு மேல் எண்ணினால் இளைத்துவிடுகிற பிள்ளை அவன். முப்பதில் நின்றுவிடுமோ என்று பார்த்தேன். ஐம்பதில் இருமுவானோ என்று பார்த்தேன். மாத்திரையும் பிளாஸ்க்கும் வீட்டில் இருந்தன. என் மூச்சுதான் இழுத்துக்கொண்டிருந்தது. எழுபது, எண்பது என்று அவன் கத்திக்கொண்டே போனான்.

"நூறு!" என்று பொட்டலின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. "அம்மா, முடிஞ்சிருச்சு! இன்னும் போகவா?"