வேலுச்சாமி அண்ணன் விட்ட பந்து

வேலுச்சாமி அண்ணன் இறந்த செய்தியை அந்தோணிதான் கொண்டுவந்தான். காலையில் கம்பெனி கேட் திறக்கும் நேரம். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, “அண்ணன் போயிட்டாருங்க. தூக்கத்துலயே” என்றான்.  உள்ளே பின்னல் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டதால் அதற்கு மேல் பேசியிருந்தாலும் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

நம் கம்பெனியில் பல வருஷம் செக்கிங் பிரிவைப் பார்த்தவர் வேலுச்சாமி அண்ணன். அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் மற்ற கம்பெனிகள் உள்பனியன் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் முதலாளி விளையாட்டுக்காரர்கள் போடும் ஜெர்சியில் இறங்கினார். பள்ளிக்கூடம், காலேஜ், போலீஸ் டீம் என்று எல்லோரும் வாங்கினார்கள். நான் அந்தச் சரக்கை அனுப்பும் டெஸ்பாட்ச் கிளார்க். ஊர் ஊராக யார் யாரோ ஓடி விளையாட, நாங்கள் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தோம். பெரிய விளையாட்டுச் சாமான் கம்பெனியில் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் எங்கள் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் பஞ்சுதான் ஒட்டியிருக்கும்.

அண்ணனோடு பேசுவது அவ்வளவு சுகமான காரியம் அல்ல. பேசும்போது அவர் கண் நம் முகத்தில் இருக்காது, சட்டையில் இருக்கும். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனால் முதலில் தையலைப் பார்ப்பார், பிறகுதான் என்ன விசேஷம் என்று கேட்பார். “போடறவன் கண்ணாடியில முன்பக்கந்தான் பார்ப்பான். முதுகைப் பார்க்கறவன் பின்னாடி நிக்கறவன். நாம அந்தப் பின்னாடி ஆளு” என்பார். தன் கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட மாலை கட்டிய நூலைப் பார்த்தார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் மறுக்கவே இல்லை.

பின்னல் மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால், துணியில் மேலிருந்து கீழாக ஒரு நூல் அகலத்துக்குக் கோடு விழும். ஊசிக்கோடு என்போம். வெளியாள் கண்ணுக்கு அது தெரியாது. செக்கிங்கில் பிடித்துவிட்டால் அந்த ஜெர்சியின் நெஞ்சில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி ஒதுக்க வேண்டும். நம் பெயரில் அது கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அந்த வழக்கம். தேறிய துணிக்குக் காலரின் உட்பக்கம், பார்த்த ஆளின் நம்பரை முத்திரையாக வைப்போம். அண்ணன் வெட்டும் சத்தம் எனக்கு டெஸ்பாட்ச் அறைவரை கேட்கும். இரக்கமே இல்லாத சத்தம் அது.

அவருக்கு இன்னொரு முகம் உண்டு. வெளுத்த துணி காயப்போடும் மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வலை கட்டி, சாயங்காலங்களில் நாங்கள் வாலிபால் ஆடினோம். அண்ணன்தான் கேப்டன். மனிதருக்கு அதில் கர்வம் இருந்தது. தான் எம்பி அடித்த பந்தை எதிராளி எடுத்துவிட்டால் அன்று ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று அர்த்தம். அவருக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவன் அந்தோணி. காங்கேயம் பக்கத்துப் பையன், அயர்னிங்கில் தற்காலிக வேலை. டீமில் அவன் ஒருவன்தான் நிரந்தரமாகாதவன்.

மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் தேறியபோது, முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்தார். கோப்பையோடு வந்தால் அந்தோணியை நிரந்தரமாக்குவதாக. அவனுக்கு ஊரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால் பேசலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். எண்ணெய் மில்லில் வேலை பார்ப்பவர், தற்காலிகம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஆக, அந்த ஆட்டத்தில் அந்தோணியின் கல்யாணமும் இருந்தது. டீமில் எல்லோருக்கும் அது தெரியும். அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டம் கோயமுத்தூரில் நடந்தது. எதிரே ஒரு காலேஜ் டீம். அவர்கள் போட்டிருந்ததும் நாங்கள் அனுப்பிய ஜெர்சிதான். கடைசி செட்டில் ஒரு பாயின்ட் விட்டால் தோல்வி என்ற நிலை. அவர்கள் பக்கத்திலிருந்து பந்து மெதுவாக, அண்ணனுக்கு நேராக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய பந்து. அண்ணன் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் அது பந்தின்மேல் இல்லை. பந்து அவர் தோளை உரசிக்கொண்டு பின்னால் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குக் கூடுதல் அவமானம். வலைக்கு அடியில் கைகுலுக்கப் போன அண்ணன், எதிர்டீம் பையன் ஒருவனின் கையை விட்டுவிட்டு அவன் காலரைப் பிடித்துத் திருப்பினார். சண்டை என்று நினைத்து நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர் உள்ளே இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, காலரை மடித்துச் சரிசெய்து, அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

லாரியில் ஊர் திரும்பினோம். சூலூர் தாண்டிய பிறகு அந்தோணிதான் கேட்டான். “ஏனுங்கண்ணா, அந்தப் பந்தை ஏன் உட்டீங்க?”

அண்ணன் சொன்னார். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவன் நெஞ்சில் ஊசிக்கோடு ஓடியது, காலரில் இருந்தது தன் நம்பர்.

அந்தோணி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, “ஊசிக்கோடுதானுங்களா? நல்லாப் பாத்தீங்களா?” என்றான். கல்யாணம் கைவிட்டுப் போன ஒருவன் கேட்கிற கேள்வியா அது? எங்கள் கம்பெனியில் அப்படித்தான் கேட்பார்கள்.

திங்கட்கிழமை முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். எந்தச் சரக்கு என்று சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார், அதனால் அங்கே பேசியதை நான் கேட்டேன். வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் நடந்ததைச் சொன்னார். அந்தக் கோடு எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்று முதலாளி கேட்டதற்கு, “வெளிச்சம் இருக்கறப்ப பந்து ஆடினேனுங்க. வெளிச்சம் போனப்புறம் துணி பாத்தேன்” என்றார். முதலாளிக்குக் கோப்பை போனதைவிட அந்தக் கோடு வெளியே போனதுதான் வலித்தது. இனிமேல் செக்கிங் ஆட்கள் யாரும் பந்தைத் தொடக் கூடாது என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமாக ஆட்டியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் கிளம்பாமல் நின்றார். பகல் வெளிச்சத்திலேயே எல்லாத் துணியையும் பார்த்து முடிக்க இன்னொரு நிரந்தர ஆள் வேண்டும் என்றார். அயர்ன் போடும்போது அந்தோணி குறை கண்டுபிடித்துத் தன்னிடம் பல துணிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான், அவனைத் தரச் சொன்னார்.

“தோத்த டீமுக்கு நான் வாக்குக் குடுக்கலையே, வேலுச்சாமி.”

“வாக்கைக் கேக்கலீங்க. ஆளைக் கேக்கறேன்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் சரி என்றார். ஆனால் பந்து விஷயத்தில் அவனுக்கும் அதே சட்டம்தான் என்றார்.

அந்தோணிக்குக் கல்யாணம் நடந்தது. டீமின் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போனதால், அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். சாயங்காலம் நாங்கள் மைதானத்துக்குப் போகும்போது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் தலையைத் திருப்பவில்லை. பந்தின் சத்தம் கேட்கும்போது மட்டும் கை ஒரு கணம் நின்று, பிறகு வேலை தொடரும். அவ்வளவு நன்றாக ஆடிய மனிதரை ஒரு கம்பெனி ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டதே என்று எனக்குக் கோபம் இருந்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று அவர்மேலும் இருந்தது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். கம்பெனி சார்பில் வாங்கிய வேட்டி அந்தோணியின் கையில் இருந்தது. அவன் அதைப் பிரித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மேலிருந்து கீழாக ஒரு பக்கம், திருப்பி இன்னொரு பக்கம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகுதான் கொண்டுபோய்ப் போர்த்தினான், அழுதான். நானும் அழுதேன்.

நாங்கள் ஜெயித்த ஆட்டங்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. கோயமுத்தூரில் அவர் தோளை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் விழுந்த அந்தப் பந்து மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் நினைவாக நான் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.