அவள் முகம் போட்ட சுவரொட்டி

அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை. செல்லமாகச் சொல்லுகிற பொறாமை இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத பொறாமை. அப்போது யாராவது கேட்டிருந்தால் "எனக்கென்ன வந்தது" என்று சிரித்திருப்பேன். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கையின் கடைசி வருடம் அது. நாங்கள் நால்வர் ஒரு குழு. ஒரு புதுப் பாட்டுக்கு வீடியோ எடுக்கவேண்டும். அதோடு விட்டார்களா? உண்மையான நிறுவனம் ஒன்று பாட்டை வெளியிடுவதுபோல் சிடி உறை, சுவரொட்டி, முகநூல் விளம்பரம் எல்லாம் செய்து, கடைசியில் மண்டபம் எடுத்து வெளியீட்டு விழாவும் வைக்கவேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த மடிக்கணினிகளில் ஒன்றிலும் சிடி போடுகிற இடம் இல்லை. இல்லாவிட்டால் என்ன, உறை வேண்டும். ஒரு பொடியன் கமெரா, மற்றவன் படத்தொகுப்பு. உறையும் விளம்பரமும் நான். பாட்டு அவள்.

அவள் புத்தூர்க்காரி. வீட்டில் தோட்டம் செய்கிறவர்கள். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, எங்களுக்கு முதல்தரம் பாடிக்காட்டியபோது வகுப்பறையில் மேசைமேல் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள். பிடுங்காமல் விட்ட வெங்காயம் தோட்டத்து மூலையில் பூத்து நிற்பதைப் பற்றிய பாட்டு. "வெங்காயப் பூ" என்று பெயர். பொடியன்கள் இருவரும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். நானும் கைதட்டினேன். நல்ல பாட்டு என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அதுதான் தொல்லை.

அவளுக்கு அந்தப் பாட்டைவிட விழாதான் பெரிது. அவளுடைய அப்பா அவள் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. பெண்பிள்ளை மேடையேறிப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்துப் போட்டிகளுக்குக்கூட அவள் தாயின் கையெழுத்தோடுதான் போய்வந்தாளாம். இந்த முறை அவர் மனமிரங்கி, "சரி, ஒருக்கா வந்து பாக்கிறன்" என்று சொல்லியிருந்தார். இதை அவள் எங்களிடம் எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கில்லை.

"அப்பாக்குப் பிடிச்சிட்டுதெண்டால் பிறகும் பாட விடுவார். பிடிக்காட்டி இதோடை சரி," என்பாள். சொல்லிவிட்டு விரல்களை மடக்கி நாள் எண்ணுவாள்.

நான் உறைக்கு என் உயிரைக் கொடுத்தேன். பெயரைக் கணினி எழுத்தில் போடவில்லை; ஒரு கிழமையாகக் கையால் எழுத்தெழுத்தாகக் கீறினேன். உறையைத் திறந்தால் உள்ளே மெல்லிய தாள், அதையும் திறந்தால் இன்னொரு தாள், எல்லாம் வெங்காயத் தோலின் நிறத்தில். மூன்றாவது தாளுக்குள் சிடி இருக்கும். அந்த நிறத் தாளுக்காகப் பெரியகடைத் தெருக்களில் ஏறி இறங்காத கடை இல்லை. முகப்பில் ஆள் இல்லை, முகம் இல்லை. ஒற்றைப் பூவும் என் எழுத்தும் மட்டும். அப்படி ஒன்றை அதற்கு முன் நான் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கமெராக்காரன் தூக்கிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆளின்ரை முகம் இருந்தால்தானே சனம் எடுத்துப் பாக்கும்."

"உந்த எழுத்தை ஆர் பாக்கப்போகினம்? முகத்தைப் பெரிசாப் போடு," என்றான் மற்றவன்.

எனக்குக் காது சூடேறியது. அவள் உடனே, "எனக்கு என்ரை முகம் வேண்டாம். இவள் கீறினதுதான் வடிவு," என்றாள். எனக்காகக் கதைத்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வடிவான முகம் உள்ளவர்களுக்கு "முகம் வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு சுகம்! கடைசியில் பொடியன்கள் இருவரும் ஒரு பக்கம் நிற்க, உறையில் அவள் முகம் ஏறியது. என் பூ பின்பக்கத்துக்குப் போனது.

வீட்டுக்கு வந்து, உறைக்கும் சுவரொட்டிக்குமாக அவளுடைய படத்தைக் கணினியில் திறந்தேன். கமெராக்காரன் எடுத்தது, அவள் நேரே பார்த்து, சிரித்தும் சிரிக்காமலும் நிற்கிறாள். பின்னால் செம்மண், பச்சைத் தோட்டம். அவளுக்கு அந்த நிறமெல்லாம் வாரிக் கொடுத்தமாதிரி இருந்தது. நான் நிறத்தை உருவினேன். தோட்டத்தை அழித்தேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு வெள்ளை முகம், சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, கீழே பெயர், சுவரொட்டியில் மட்டும் திகதி, மண்டபம், நேரம். வெளிநாட்டு இசைத்தட்டுகளில் இருப்பதுபோல் இருந்தது. போனில் அனுப்பினேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நிறப்படத்தில் செய்த இன்னொன்றும் பென் டிரைவில் கிடந்தது, அதை யாருக்கும் அனுப்பவில்லை.

முன்னோட்டத்தை முகநூலில் போட்டோம். வந்த கருத்துகள் எல்லாம் அவளுக்கு. "யாரந்தப் பிள்ளை", "குரல் தேன்", "கண்ணைப் பாருங்கோ". நான் ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுவரொட்டி அச்சடிக்கப் புறப்பட்ட வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு அந்த முன்னோட்டத்தை மூன்றாம் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வடிவான பிள்ளை. பாட்டும் நல்ல பாட்டு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உதிலை நீ என்ன செய்தனி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிவிட்டேன்.

எங்கள் வீடு சாவகச்சேரியில். அச்சகமும் நடக்கிற தூரம். அச்சகக்கார அண்ணை படத்தைத் திரையில் திறந்தார். திறந்தவர் என் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எப்ப நடந்தது, தங்கச்சி?"

"என்ன அண்ணை?"

"சின்னப் பிள்ளையாக் கிடக்கு. நோய் வருத்தமோ, அக்சிடென்டோ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர்களில் ஒருவர் செத்துப்போனால் படம் போட்டு, கறுப்புக் கரை கட்டி, கண்ணீர் அஞ்சலி என்று சுவரொட்டி அடித்து, சந்திக்குச் சந்தி ஒட்டுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறபோது தினமும் பார்க்கிறோம். அண்ணையின் பின்னால் சுவரில் அன்றைக்கு அடித்த அஞ்சலிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதே அளவுத் தாள், அதே கரை. போனில் வெளிநாடாக இருந்தது, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் செத்தவீடாக இருந்தது.

"ஐயோ, செத்த ஆளில்லை அண்ணை. பாட்டு வெளியீடு."

அவர் மூச்சை விட்டுச் சிரித்தார். "அப்ப உப்பிடி அடிக்காதேங்கோ, பிள்ளை. சனம் வாசிக்காது, படத்தைப் பாத்தே முடிவெடுக்கும். கலர்ப் படம் ஒண்டும் இல்லையோ? இருந்தால் தாங்கோ, இப்பவே மாத்திவிடுறன்."

கலர்ப் படம் அதே பென் டிரைவில், அதற்கு அடுத்ததாக, அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் விரலால் காட்டினால் போதும். "உதிலை நீ என்ன செய்தனி" என்று அம்மா கேட்டது காதில் நின்றது. அந்த முகத்தை ஒரு நாளாவது சனம் "வடிவு" என்று சொல்லாமல் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இப்படியே, இந்தச் சொற்களிலேயே நினைத்தேன். அதற்குமேல் என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை; நினைக்க விரும்பவில்லை.

"இல்லை அண்ணை, இப்பிடியே அடியுங்கோ. இது டிசைன்," என்றேன்.

அன்று பின்னேரமே பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் பசை வாளியோடு போய் ஒட்டினார்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையம், சாவகச்சேரி பஸ் நிலையம், இடையில் வெறுஞ்சுவர் கண்ட இடமெல்லாம். அவர்களுக்கு அது நாட்கணக்காகப் பார்த்துப் பழகின உறைப்படம். வேறொன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை ஒத்திகை. காலையில் பஸ் நிலையத்துக்கு வந்தேன். ஒரு தாத்தாவின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கும் ஓர் அம்மாவின் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரக்கறிப் பையோடு வந்த ஒருத்தி நின்று பார்த்து, "சீ, பாவம், குமர்ப்பிள்ளை" என்று நாக்கால் சத்தமிட்டுவிட்டுப் போனாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைக்கவில்லை, இனித்தது. பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை இனித்தது.

மண்டபத்தில் ஒலிப்பதிவும் நடந்ததால் எல்லாரும் போனை நிறுத்தி மேடை ஓரத்தில் அடுக்கியிருந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் கண்ணை மூடித்தான் பாடுவாள். மூன்றாவது சரணம் போகும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். சறம் முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியிருந்தது. கால் நிறையச் செம்மண், ஒரு காலில்தான் செருப்பு. மேடையைப் பார்த்தவர் வாசற்படியிலேயே குந்திவிட்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். அதற்கு முன் ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அது அவளுடைய அப்பா. சாவகச்சேரியில் இருக்கும் அவருடைய அக்கா சந்தைக்கு வந்த இடத்தில் சுவரொட்டியைக் கண்டு, தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவருக்குப் போன் எடுத்து, "தம்பி, என்ரை குஞ்சுக்கு என்னடா நடந்தது, எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை" என்று குளறியிருக்கிறார். இவர் மகளுக்கு எடுத்தால் போன் நிறுத்தியிருக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போன பிள்ளை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பெயரைச் சொல்லி, பிரேத அறையில் கேட்டிருக்கிறார். இல்லை என்ற பிறகுதான் மண்டபம் நினைவுக்கு வந்திருக்கிறது.

அவள் பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்தாள். "அப்பா?" என்றாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோசம். விழாவுக்கு முன்னமே கேட்க வந்துவிட்டார் என்று நினைத்தாளாம்.

அவர் எழும்பி வந்து அவள் தலையைத் தொட்டார், கையைத் தொட்டார். "வா பிள்ளை, வீட்டை போவம்," என்றார். கமெராக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போதும் தம்பி," என்றார். அவள் போனையும் எடுக்காமல் பின்னால் போனாள். நான்தான் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர்கள் போய்விட்டார்கள்; போனைத் திறந்தால் அப்பா, அப்பா, அப்பா என்று தவறிய அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன.

விழா குறித்த நாளில் நடந்தது, அவள் இல்லாமல். திரையில் வீடியோ ஓடியது, முன் வரிசையில் எங்களுடைய பெற்றோர் இருந்தார்கள். புள்ளி போட நடுவராக வந்தவர் உறையின் தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து மேடையில் காட்டி, என்னை எழுப்பி நிறுத்திச் சபையைக் கைதட்ட வைத்தார். அம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். நான் ஒரு வருடம் ஆசைப்பட்ட கைதட்டல் அது. அது முடியுமுன்னமே நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் வகுப்புக்கு வந்தாள். வீட்டில் அர்ச்சனை செய்து, கண்ணூறு கழித்து, கறுப்பு நூலும் கட்டியிருந்தார்கள். மதியம் என் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் எதிர்பார்த்தது ஏச்சு. ஏச்சு வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

"அம்மா உன்னைச் சரியா ஏசினவ," என்றாள். "நான் சொன்னனான், அவள் தெரியாமல் செய்துபோட்டாள், எனக்குக் கெடுதல் நினைக்கிற பிள்ளையில்லை எண்டு."

"இனிப் பாட விடுவாரோ?" என்றேன்.

"இல்லை. பாட்டு நல்லாயிருந்ததோ எண்டு கேட்டன். 'எனக்கு ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை, நீ வாயசைக்கிறதை மட்டும்தான் பாத்தனான்' எண்டார்."

கொஞ்ச நேரம் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு வெட்கத்தோடு கேட்டாள்.

"அந்த நோட்டீஸ் ஒண்டு மிச்சம் கிடந்தால் எனக்குத் தாவன். ஒட்டினதெல்லாம் அப்பா கிழிச்சுப்போட்டார். என்னை ஒருதரும் அவ்வளவு வடிவாச் செய்யேல்லை."

என் வேலையை, என் வேலைக்காக மட்டும், ஒரு ஆள் தனக்கென்று கேட்டது அதுதான் முதல்தரம். அவளைப் பார்த்தேன். அப்போதும் பொறாமைதான் வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் இவளால் இப்படிக் கேட்க முடிகிறதே என்ற பொறாமை. என் வீட்டு அலுமாரியில் பதினொரு சுவரொட்டிகள் சுருட்டிக் கிடந்தன.

"ஒண்டும் இல்லை," என்றேன். "எல்லாம் ஒட்டி முடிஞ்சுது."