ஒரு சொட்டுக் குழம்பு

அகப்பையிலிருந்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்குவான் சமையல்காரன் லெயோன். உடனே கண் திறந்தால் உப்பு சரி. மூடியே இருந்தால் ஏதோ குறை. அவர்கள் ஊரான சாரத்தில் எந்தக் கல்யாணத்துக் கறிக்குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும், அவன் அக்கா அமலோற்பவம், "எந்தம்பி கை" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த உள்ளங்கைக்கு ஓய்வு. கோவில் பூசையில் நன்மை வாங்க, அதாவது ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பத்தை வாங்க, ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதும் என்பது இப்போதைய சட்டம். லெயோனுக்கு அது போதாது. நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரும் கூடாது என்ற பழைய சட்டம்தான் வேண்டும். வாசனையை வைத்தே உப்புப் போடுவான்.

அப்படியும் நன்மை வரிசையில் போய் நின்றதில்லை. வழியில் யாரையாவது மனசுக்குள் திட்டியிருப்பான். காய்க்காரம்மாவிடம் சொன்ன பொய் ஞாபகம் வரும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்துப் படியிறங்கும்போதே புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளும். "அடுத்த வாரம் சுத்தமா வரேங்க்கா" என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்குவான். வருஷக்கணக்காக அந்த அடுத்த வாரம் வரவில்லை.

அமலோற்பவத்தின் மகள் அனியெசுக்கு முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மை நாள் வந்தது. "எம்பின்னாடி மாமாதான் வரணும். இல்லன்னா நான் போமாட்டேன்" என்றாள். லெயோன் தலையாட்டிவிட்டான். அந்த வாரம் முழுக்க, விளிம்புவரை நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப்போல நடந்தான்.

ஞாயிறு விடியுமுன்பே கொல்லை முழுக்க ஆவி. கடல்பக்கப் பனியும் அடுப்புப் புகையும் கலந்து, விருந்துக்கு ஏற்றிய அண்டாவும் அவனும் மிதப்பதுபோல் இருந்தது. வடகம் பொரிந்து வாசனை எழுந்தது. கை தன் பழக்கத்தில் போயிற்று. கண்ணை மூடி நக்கினான்.

கண் திறக்கவே இல்லை.

"உப்பு கம்மியாடா?" என்றாள் அக்கா.

"உப்பு சரியாத்தாங்க்கா இருக்கு. எம்பட்டினிதான் போச்சு."

"பூசை எட்டு மணிக்குடா. இன்னும் வெளுக்கவே இல்ல."

"சட்டம்னா சட்டம்."

"வானத்துலேர்ந்து எறங்குன பெரிய சம்மனசு இவரு! பத்துக் கட்டளையையும் ஒரு சொட்டு சிந்தாம காப்பாத்துனவரு ஒருத்தருதான். அவரத்தாண்டா அங்க நன்மையா தராங்க. நீயே அப்படி ஆயிட்டா அவரு எதுக்கு ஒனக்கு?"

லெயோன் அண்டாவை மூடினான்.

கோவிலில் வெயில் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கி, பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்கள்மேல் நீலமாகவும் சிவப்பாகவும் ஊர்ந்தது. வரிசையில் அனியெஸ் நகராமல் நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தூணின் நிழல் இரண்டானது. ஒன்று நடந்து வந்து அவள் பின்னால் நின்றது.

அவள் வாங்கி விலகினாள். சாமியாருக்கு முன்னால் லெயோன் வலது கையின்மேல் இடது உள்ளங்கையை வைத்து ஏந்தினான். குழம்பின் மஞ்சள் இன்னும் போகவில்லை. கண் திறந்தே இருந்தது.