செவலை தின்ற நாலு படி அரிசி

எனக்கு வாய் அதிகம் என்று சிங்கவரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. ஒரு ஆளிடம் சொல்ல வேண்டியதை ஊருக்கே கேட்கும்படி சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசனை வரும். அந்த மாசி மாதம் எங்கள் மாடு சாகக் கிடந்ததற்கும் என் வாய்தான் காரணம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ரேஷன் கடையில் அரிசிக்கு நின்று நின்று கால் கடுத்துப்போன காலம். ஒரு நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, கூடவே நாலைந்து பிள்ளைகள். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு பையன், "இது எந்த மரத்துல காய்க்குது டீச்சர்?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மரத்துலியா? இன்னாடா நெனச்சிக்கினு இருக்குற? எங்க நெலத்துக்கு வந்து பாரு, எங்க காய்க்குதுன்னு. இன்னாத்த டீச்சர் சொல்லிக் குடுக்குறீங்க இதுங்களுக்கு?"

டீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "நெஜமாவே கூட்டிக்கிட்டு வரட்டுமாக்கா? கிளாஸ் மொத்தமும்?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் பின்வாங்கினால் என் மானம் என்னாவது? "தாராளமா வாங்க, ஒருத்தரையும் வுடாம இட்டுக்கினு வாங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "கவலை ஓட்டுற நாள்ல அத்தினி புள்ளைங்கள ஆரு பாத்துக்குறது? உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றார். அதோடு சரி.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. கிணற்றுச் சரிவில் இரண்டு மாடுகளைப் பூட்டி, வடத்தை இழுக்க வைத்து, பெரிய சாலில் தண்ணீர் மொண்டு இறைப்பதைத்தான் கவலை என்போம். ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். மற்றவர்களுக்கு மாடுதான் எல்லாம். எங்களுக்குச் செவலை ஒன்று, மயிலை ஒன்று. ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டிருந்தோம். பூவெடுத்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பிடிக்கிற நேரம். அப்போது ஈரம் தப்பினால் உள்ளே பருப்பே இருக்காது, வெறும் பொக்குதான். ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றதை வைத்துக்கொண்டு கவலை ஓட்ட முடியாது. இரவல் கேட்கவும் வழியில்லை. அந்தப் பருவத்தில் ஊரில் எல்லா மாடும் அவரவர் கிணற்றில்தான் நிற்கும். அந்த வருஷத்து எங்கள் பிழைப்பு மொத்தமும் அந்த எட்டுக் கால்களில் நின்றது.

சொன்னபடி வந்தார்கள். முப்பத்தைந்து பிள்ளைகள், டவுனிலிருந்து நடந்தே, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு. கடை வைத்திருப்பவர்கள் பிள்ளைகளும் தாலுக்கா ஆபீஸ்காரர்கள் பிள்ளைகளும்தான் அதிகம். தோளில் ஆளுக்கொரு துணிப்பை. மதியச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினேன். மஞ்சள் பூ மேலே, பிஞ்சுக் காய் கீழே. பஸ் ஸ்டாண்டில் கேட்ட பையன் வாயைத் திறந்தபடி நின்றான். "பூவு மேல இருக்குது, காயி எப்டிக்கா அடியில போச்சி?" என்றான். விழுதைத் தொட்டுக் காட்டினேன். இன்னொரு செடி, இன்னொரு செடி என்று கேட்டார்கள். நானும் பிடுங்கிக்கொண்டே போனேன். பிடுங்குகிற ஒவ்வொரு செடிக்கும் வரப்பிலிருந்து வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பேச்சை முப்பத்தைந்து பேர் வாய் பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு கவலை. கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி எல்லாரையும் உட்கார வைத்தோம். வீட்டுக்காரர் வடத்தின்மேல் உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்கினார். சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தாலும், அடுத்த நடையைக் கொஞ்சம் மிடுக்காகவே ஓட்டினார்.

உச்சிவேளைக்கு மாடுகளை அவிழ்த்துப் புங்கமரத்து நிழலில் கட்டினோம். வீட்டுக்காரர் மடை திருப்பப் போனார். நானும் டீச்சரும் பம்புசெட் இல்லாத எங்கள் கிணற்றடிக் கொட்டகையில் கூழ் கரைத்துக்கொண்டிருந்தோம். "மாட்டத் தொட்டுப் பாக்கலாமாக்கா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "செவலையத் தொடுங்க, அது சாது. மயிலகிட்ட போவாதீங்க, முட்டிடும்" என்று உள்ளிருந்தே கத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்து மறுபடி பூட்டினோம். நாலாவது நடையில் செவலை சரிவின் நடுவில் நின்றுவிட்டது. தட்டினாலும் அசையவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. சட்டென்று அவிழ்த்து மேலே கொண்டுவந்து நிறுத்தினோம். இடது பக்க வயிறு பறை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது.

"வெயிலு. தண்ணி காட்னா சரியாப்பூடும்" என்று சொல்லி வீட்டுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார்.

அது வெயில் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கன்றாக இருந்தபோதிலிருந்து என் கையால் தவிடு தின்று வளர்ந்த மாடு அது. எதையோ தின்றிருக்கிறது. ஆனால் எதை? அரளியா, ஆமணக்கா, எவனாவது எண்ணெய்த் துணியைப் போட்டானா? அது தெரியாமல் என்ன வைத்தியம் பார்ப்பது? பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

"எவண்டா மாட்டுக்கு இன்னாத்தக் குடுத்தது? சொல்லுங்க. சொல்லல, ஒருத்தரும் வூடு போய்ச் சேர மாட்டீங்க. இங்கியே புங்கமரத்துல கட்டி வெச்சிடுவேன்."

சின்னது இரண்டு அழ ஆரம்பித்தன. மற்றவர்கள் பேசாமல் நிற்க நிற்க எனக்கு வெறி ஏறியது. "அழுதா வுட்ருவனா? கேக்குறது காதுல வுழலியா?" என்று இன்னும் உரக்கக் கத்தினேன். டீச்சர் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். காலையில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்த பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

வீட்டுக்காரர் வாளி நிறையத் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். செவலை தாகத்தில் கழுத்தை நீட்டியது. அப்போது கூட்டத்திலிருந்து பத்து வயதுப் பெண் ஒன்று பிரிந்து ஓடியது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபு வீட்டுப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. என்னைத் தாண்டி, ஒரு வளைவு வளைந்து, அவரிடம் போனது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னது. எனக்குக் காதில் விழவில்லை. அவர் வாளியை அப்படியே தரையில் கவிழ்த்ததைத்தான் பார்த்தேன்.

"அரிசி" என்றார் என்னிடம். "பச்சரிசி. ஆளுக்கு ஒரு ஆழாக்கு. மொத்தமும் செவலைக்கே குடுத்துட்டாங்க."

முப்பத்தைந்து ஆழாக்கு என்றால் நாலு படிக்கு மேல். ஊறாத அரிசி நாலு படி வயிற்றுக்குள் கிடக்கும்போது அந்தத் தண்ணீரும் உள்ளே போயிருந்தால் அரிசி ஊதி, மாடு மாலைக்குள் சரிந்திருக்கும். வாளிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

டீச்சர் பிள்ளைகளிடம் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். "ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு நான்தாங்க்கா சொன்னேன். ரெண்டு பழம் கொண்டு வருவாங்கன்னு நெனச்சேன். இவங்க எல்லாம் கூடிப் பேசிக்கிட்டு, உழைக்கிறது மாடுதானே, மாட்டுக்கே குடுக்கலாம்னு அரிசி கொண்டு வந்திருக்காங்க. மாட்டுப் பொங்கலுக்குக் கடைத்தெருவுல மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுறத பாத்திருக்காங்க இல்ல, அதுல வந்த யோசனை."

மாட்டுப் பொங்கலன்று வெந்த பொங்கலில் ஒரு கைப்பிடி வாயில் ஊட்டுவோம், மீதியை நாம் தின்போம். டவுன் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? மாடு என்றால் அரிசி தின்னும் என்று நினைத்துவிட்டார்கள். மயிலையிடம் போகாதே என்று நான் வேறு சொல்லி வைத்திருந்தேன். இரண்டு மாட்டுக்கும் பங்கு பிரிந்திருந்தாலாவது பாதிதான் போயிருக்கும்.

"எங்கம்மா பெருநாளைக்கு எடுத்து வெச்சிருந்த அரிசி" என்று அந்தப் பெண் வீட்டுக்காரரிடம் தேம்பியது. "மாட்டுக்குன்னு சொன்னதும் குடுத்துட்டாங்க." ரேஷனில் வாங்கிய அரிசியைப் பொத்திப் பொத்திச் சமைத்த வருஷத்தில் முப்பத்தைந்து வீட்டிலிருந்து எங்கள் மாட்டுக்கு அரிசி வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்த பிள்ளைகளைத்தான் மரத்தில் கட்டுவேன் என்று சொன்னேன்.

யோசிக்க நேரமில்லை. வீட்டுக்கு ஓடி நல்லெண்ணெய், பெருங்காயம், சுக்கு, ஓமம் எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்தேன். டீச்சரும் பெரிய பெண்கள் இரண்டு பேரும் கல்லில் வைத்துத் தட்டினார்கள். எண்ணெயில் கலக்கி, மூங்கில் குழாயில் ஊற்றி, வீட்டுக்காரர் தாடையைத் தூக்கிப் பிடிக்க, நான் கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஏப்பம் வரட்டும் என்று வேப்பங்கொம்பை வாய்க்குக் குறுக்கே கொடுத்துக் கட்டினோம். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வயிற்றை அழுத்தி அழுத்தித் தேய்த்தோம். பையன்கள் முறை வைத்துக்கொண்டு தேய்த்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

டவுனுக்குப் போகிற நேரம் தாண்டியது. "நீங்க கெளம்புங்க டீச்சர், இருட்டிடும்" என்றார் வீட்டுக்காரர். பிள்ளைகள் நகரவில்லை. ஒருவன்கூட.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் சமயம் செவலை கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. பெருங்காய நாற்றம் எல்லார் முகத்திலும் அடித்தது. இன்னொன்று. பிறகு வாலைத் தூக்கிச் சாணி போட்டது. நான் அதை இரண்டு கையாலும் அள்ளிப் பிரித்துப் பார்த்தேன். அரிசி முழுசு முழுசாகக் கிடந்தது. "எறங்கிடுச்சி" என்றேன். வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பையன்கள் ஒருவனை ஒருவன் கட்டிக்கொண்டு குதித்தார்கள். என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதன் பிறகு மூன்று நாள் கவலை ஓட்டவில்லை. கடலையும் தாக்குப்பிடித்தது.

கையைக் கழுவிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடினேன். கொட்டகைச் சுவரோரம் காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தது. நான் பக்கத்தில் போனதும் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. மாடு பிழைத்துவிட்டது, எல்லாரும் சிரிக்கிறார்கள், இது மட்டும் இன்னும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன். "நீ சொன்னதாலதான் கண்ணு மாடு பொழச்சிச்சி" என்றேன். "நான்தான கேட்டேன், ஏன் அவருகிட்ட போயி சொன்ன?"

"நீங்க அடிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றது. "உங்க பக்கத்தால வராம சுத்திக்கிட்டுப் போகலாம்னு ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருந்தேங்க்கா. வழியே கெடைக்கல."

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதோ. அவ்வளவு நேரமும் நான் கத்திக்கொண்டிருந்தேன், அவர் வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுதான். அடிக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. அந்தப் பெண் சரியாகக் கேட்கவில்லை என்று ஓரடி முன்னால் வந்தது.