கவுன்சில் நடைபாதையில் டொலறஸ்

மன்னாரில் வங்கி எழுதுவினைஞராக இருந்த டொலறஸ், 1985இல் கணவர் கிறிஸ்துநாயகத்தோடு லண்டன் வந்து ஃபாரஸ்ட் கேட்டில் குடியேறினார். மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தார். பிறகு இல்ஃபேர்டில் ஒரு யூத செபக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தொலைபேசி எடுப்பது, கடிதம் தட்டச்சு செய்வது, சந்தா வாங்குவது எல்லாம் அவர் வேலை.

அங்கே பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஐந்து வாரக் கல்விப் பயணமாக இஸ்ரேலுக்கு அனுப்புவார்கள். செலவு ஆயிரத்து நூறு பவுண். வசதியுள்ளவர்கள் ஒரே காசோலையில் கட்டிவிடுவார்கள். இல்லாதவர்களுக்கு நாலு பக்கத்தில் ஒரு உதவிப் படிவம். சம்பளத் துண்டும் வாடகைப் புத்தகமும் கொண்டுவந்து, மூவர் குழுவின் முன்னால் இருந்து பதில் சொல்லவேண்டும்.

1991 செப்டெம்பரில் ஃப்ரீடா என்ற விதவைத் தையற்காரி அலுவலகத்துக்கு வந்தார். மகள் நவோமிக்கு அப்போது பதினாலு. டொலறஸ் நீட்டிய படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

“மூத்தவனுக்காக அந்தக் குழுவுக்கு முன்னால் இருந்தேன். வீட்டில் இருப்பது கலர் டிவியா என்று கேட்டார்கள். இன்னொரு தடவை அந்தக் கதிரையில் இருக்கமாட்டேன்.”

டொலறஸுக்கு அந்தக் கதிரை தெரியும். லண்டனுக்கு வந்த புதிதில், இரண்டு கம்பளிக்காக மூன்று அந்நியர்களுக்குத் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர்.

“பயணத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே,” என்றார். “வாரம் பன்னிரண்டு பவுண் போட்டால் போதும். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.”

அந்த வாரமே தன்னைப்போல உள்ள இன்னும் எட்டுக் குடும்பங்களை ஃப்ரீடா கூட்டிவந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் டொலறஸ் ஒரு சேமிப்புக் கணக்குத் திறப்பித்தார். பணம் தன் கையில் தங்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

பொருளாளர் ஃபெல்ட்மனுக்கு விஷயம் எட்டியது. “இது குழுவின் வேலை. நீங்கள் இங்கே குமாஸ்தா. அதுவும் எங்கள் ஆளில்லை. அலுவலகத்தில் இது நடக்கக்கூடாது.”

“சரி. அலுவலகத்தில் நடக்காது,” என்றார் டொலறஸ்.

ஞாயிறு காலைகளில் பெற்றோர் பிள்ளைகளை எபிரேய வகுப்புக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த ஞாயிறு டொலறஸ் வாரப் பணத்தை வாங்க ஒரு மடக்கு மேசையோடு வாசலுக்கு வெளியே நின்றார். அதற்காகக் காலைப் பூசையை மாலைக்கு மாற்றிக்கொண்டார்.

“உமக்கேன் இந்த வில்லங்கம்? வேலை போனா என்ன செய்யிறது?” என்றார் கிறிஸ்துநாயகம்.

“போனா திரும்பவும் பெட்டி மடிப்பன். அந்த மனிசி படிவத்தைக் கிழிச்சதை நீங்கள் பாக்கேல்லை. நான் பாத்தனான்.”

ஃபெல்ட்மன் வாசலுக்கே வந்து மேசையை எடுக்கச் சொன்னார்.

“இன்று எனக்கு விடுமுறை. இந்த நடைபாதை கவுன்சிலுடையது. அவர்கள் சொன்னால் எடுக்கிறேன்.”

மழையிலும் அந்த மேசை நின்றது. பன்னிரண்டு போட ஏலாதவர்கள் ஐந்து போட்டார்கள். குறைந்ததை ஈடுகட்ட, ரோல்ஸ் பொரித்து விற்கலாம் என்று டொலறஸ் யோசித்தார். யூத உணவு விதிப்படி, அவருடைய அடுப்பில் சமைத்ததைத் தங்கள் ஆட்கள் உண்ணமாட்டார்கள் என்று ஃப்ரீடா சிரித்தபடி சொன்னார். அதனால் பழைய பள்ளிச் சீருடைகளைச் சேர்த்தார்கள். ஃப்ரீடா கிழிசலைத் தைக்க, நவோமி விலை கூவினாள். வசதியான வீட்டுத் தாய்மாரும் வந்து வாங்கினார்கள்.

இடையில் ஒரு தகப்பனுக்கு வேலை போனது. கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பம் விலகியது. டொலறஸுக்கு அது பெரிய வலி. மற்ற எட்டுப் பிள்ளைகளும் 1993 ஜூலையில் ஹீத்ரோவில் விமானம் ஏறினார்கள். யாரும் எந்தக் குழுவின் முன்னாலும் இருக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஃபெல்ட்மன் அவரை அழைத்தார். “உங்கள் சேமிப்புத் திட்டத்தைக் குழுவே பொறுப்பெடுக்கலாம் என்று நினைக்கிறோம். மேசையை உள்ளே கொண்டுவாருங்கள்.”

“முதலில் உதவி கேட்பவர்களைக் குழு நேர்காணுவதை நிறுத்துங்கள்,” என்றார் டொலறஸ்.

குழுவின் மூன்று கூட்டங்களில் வாக்குவாதம் நடந்தது. மூன்றிலும் குறிப்பெடுத்தது டொலறஸ்தான். ஒரு சொல்லையும் அவர் விடவில்லை. கடைசிக் கூட்டத்தில் நேர்காணல் ஒழிந்தது.

அடுத்த ஞாயிறு மண்டபத்துக்குள், சூடாக்கிக்குப் பக்கத்தில் இருந்து, அவர் பதினேழு குடும்பங்களின் பெயரைப் பதிந்தார்.