முகத்தில் மட்டும் ஒரு வட்டம்

ஹெக்டருக்கு முகம்தான் எல்லாம். கோயில் திருநாளோ பாடசாலை நாடகமோ, பாலையூற்றுப் பக்கம் எங்கே மேடை போட்டாலும் இருபது வருசமாக அவர்தான் லைட்காரர். வெளிச்சம் முன்னால் இரண்டு பக்கமும் மேலிருந்து சரிவாக விழவேண்டும்; நேரே அடித்தால் முகம் தட்டையாகிவிடும். பின்னாலிருந்து ஒன்று தோளில் படவேண்டும், இல்லாவிட்டால் ஆள் திரையோடு ஒட்டிப்போவார். துக்கக் காட்சி என்றால் எல்லாவற்றையும் அணைத்து, முகத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம். சனம் அழுதே தீரும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தங்கை தயாளினிக்குப் பிறவியிலேயே காது கேளாது. போன வருசம் அவள் புருசன் றொமேஷைப் புல்மோட்டைக் கடல் கொண்டுபோனது. செத்தவீட்டில் அவள் கைகளால் திரும்பத் திரும்ப என்னவோ சொன்னாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. ஹெக்டருக்கும்தான். சாப்பிடு, வா, படு. கூடப் பிறந்தவர் நாற்பது வருசத்தில் பழகிய சைகை இந்த மூன்றும்தான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

காது கேளாதோர் சங்கத்தின் ஆண்டு விழாவில், அன்று ஒருவருக்கும் விளங்காததை மேடையேறிச் சொல்லிவிடுவதென்று தயாளினி முடிவெடுத்தாள். அவளுடைய மொழி தெரிந்த அறுபது பேர் முன்னால் இருப்பார்கள். மற்றவர்களுக்காக, கிண்ணியா ஆசிரியை சுஹைரா அவள் கைகளைப் பார்த்து மைக்கில் சொல்வார்.

பகல் நிகழ்ச்சி. ஜன்னல்களுக்கெல்லாம் ஹெக்டர் கறுப்புத் துணி கட்டினார். தங்கைக்குத் தன்னால் ஆனதைச் செய்யவேண்டும் என்றிருந்தது. அவள் தொடங்கியதும் ஒவ்வொரு லைட்டாகக் குறைத்துக்கொண்டு வந்தார்.

"கடலுக்கு வெளிக்கிட முதல் அவர் எனக்கு என்னவோ சொல்ல வந்தவர். நான்..."

சுஹைராவின் குரல் நின்றது. மைக் போய்விட்டது என்றுதான் ஹெக்டர் முதலில் நினைத்தார். பார்த்தால், சுஹைரா கழுத்தை நீட்டி மேடையைத் துழாவுகிறார். முன்வரிசை பாதி எழுந்து நிற்கிறது. வட்டத்துக்குள் தங்கையின் முகம், அவர் விரும்பியபடியே, கண்ணீரோடு. கழுத்துக்குக் கீழே இருட்டு. அந்த இருட்டுக்குள் அவள் கைகள் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தன.

அவர் எல்லா லைட்டையும் கூட்டினார். முன்வரிசை முழுவதும் ஒரு கையைச் சுழற்றி, திருப்பிச் சொல் என்றது. தயாளினி முதலிலிருந்து சொன்னாள்.

"நான் கோவத்தில கண்ணை மூடிக்கொண்டனான். அவர் என்ன சொல்ல வந்தவரெண்டு எனக்குக் கடைசிவரை தெரியாது."

முன்வரிசைக்கு அது விளங்கியது. கண்ணை மூடினால் அவர்களுக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஒரு வருசமாக அவள் சொல்லித் திரிந்தது இதைத்தான். ஹெக்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

விழா முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, கைகளால் என்னவோ சொன்னாள். வழக்கமாக விளங்காமலே தலையாட்டிவிட்டுப் போவார். இன்று வயரைக் கீழே வைத்தார். முன்வரிசை செய்ததுபோல ஒரு கையைச் சுழற்றிக் காட்டினார்.

அவள் ஆறுதலாக, ஒவ்வொரு சைகையாக, திருப்பிச் சொன்னாள்.